பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் ஆள்

எந்தப் பாட்டுச் செயலியைத் திறந்து ‘மெட்டல்’ என்று தேடினாலும் பிளேலிஸ்ட்டுகள் வந்து குவியும். ஜிம்முக்கு மெட்டல், இரவுப் பயணத்துக்கு ராக், தொண்ணூறுகளின் ஆல்டர்நேட்டிவ், இந்த வாரப் புது வெளியீடு என்று முடிவே இல்லாமல் போகும். புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர் அட்டைப் படத்தையோ பின்தொடர்கிறவர்களின் எண்ணிக்கையையோ பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். சில வாரம் கேட்கிறார். ஏற்கெனவே தெரிந்த மெட்டாலிகாவும் நிர்வாணாவும் லின்கின் பார்க்கும் சுற்றிச் சுற்றி வருகின்றன. நடுவில் வந்த புதிய பெயர்கள் மனதில் ஒட்டாமல் கடந்துபோகின்றன. கடைசியில் ‘இப்போதெல்லாம் நல்ல ராக் வருவதில்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். முடிவு தவறானது. ஆனால் அவர் போன வழி அங்கேதான் கொண்டுபோய் விடும். இந்த அத்தியாயம் சொல்லும் யோசனை ஒன்றுதான்: பாட்டைத் தேடுவதற்கு முன்னால் ஆளைத் தேடுங்கள். ஒரு பட்டியலைத் தொகுத்தவர் யார், எந்த இசையில் ஊறியவர், எதைச் சேர்க்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்பது தெரிந்தால் அந்தப் பட்டியல் உங்களை எங்கேயாவது கூட்டிப் போகும். தெரியாவிட்டால் அது பின்னணிச் சத்தமாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

வேறு இசைகளைவிட ராக், மெட்டல் உலகுக்கு இது கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது. அதன் பிறகான ஐம்பது ஆண்டுகளில் டூம், திராஷ், டெத், பிளாக், கிரைண்ட்கோர் என்று மெட்டல் பெரிய குடும்பமாகக் கிளைத்துவிட்டது. இந்தக் கிளைகளைப் பிரிப்பவை வேகமும் சத்தமும் மட்டுமில்லை. ஊர், ஸ்டுடியோ, ஒலிப்பதிவாளர், கிட்டார் பெடல் வரை எல்லாம் சேர்ந்துதான் பிரிக்கின்றன. டெத் மெட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் வந்த மார்பிட் ஏஞ்சலின் ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ ஃப்ளோரிடா மாநிலத்து டாம்பாவில், மோரிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவானது. அத்தனை வேகத்திலும் டிரம் தனியாக, கிட்டார் தனியாகத் துல்லியமாகக் கேட்கும். ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளியான என்டூம்ட் குழுவின் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’தில் பாஸ் நிறுவனத்தின் ஹெச்எம்-2 பெடலைக் கடைசிவரை திருகிவிட்டு வாசித்த கிட்டார் அடர்த்தியாக உறுமுகிறது, ரசிகர்கள் அதை ரம்பச் சத்தம் என்றே சொல்வார்கள். இரண்டும் டெத் மெட்டல்தான், இரண்டும் வேகம்தான். ஒன்று பிடித்தவருக்கு மற்றது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ‘சிறந்த டெத் மெட்டல்’ என்று இரண்டையும் கலந்தடித்த பட்டியல் இந்த வேறுபாட்டைச் சொல்லித் தராது. விவரம் தெரிந்த ஒருவர் ஸ்வீடன் குழுக்களை மட்டும் வரிசையாக வைத்து, அந்த ஒலி எங்கே பிறந்தது என்று இரண்டு வரி எழுதினால், கேட்கிறவருக்கு அன்றே காது பழகிவிடும்.

பிளேலிஸ்ட் என்ற பெயர் புழக்கத்துக்கு வரும் முன்பே இந்த வேலையைத் தனி மனிதர்கள் செய்திருக்கிறார்கள். எலெக்ட்ரா நிறுவனம் 1972-இல் ‘நகெட்ஸ்’ என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டது. 1965 முதல் 1968 வரை அமெரிக்க இளைஞர் குழுக்கள் வெளியிட்ட சிங்கிள்களிலிருந்து 27 பாடல்களை லென்னி கே தேர்ந்தெடுத்து, குறிப்புகளும் எழுதினார். சிதறிக் கிடந்த அந்தப் பாடல்களுக்குள் ஓர் உறவு இருப்பது அவர் அடுக்கிய வரிசையில்தான் புலப்பட்டது. பின்னால் வந்த பங்க் இசைக்கு அது ஒரு தொடக்கப்புள்ளி. லண்டனின் வடமேற்கே கிங்ஸ்பரியில், ஒரு மதுக்கடையை ஒட்டிய கூடத்தில், நீல் கே என்பவர் ‘சவுண்ட்ஹவுஸ்’ என்ற பெயரில் ஹெவி மெட்டல் தட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே வந்தவர்கள் விரும்பிக் கேட்ட பாடல்களை வைத்து அவர் தயாரித்த தரவரிசையை ‘சவுண்ட்ஸ்’ வார இதழ் அச்சிட்டது. 1978 டிசம்பரின் கடைசி இரண்டு நாட்களில் பதிவான அயர்ன் மெய்டனின் டெமோ கேசட் அவர் கைக்கு வந்தது. 1979 ஏப்ரலில் அதிலிருந்த ‘பிரௌலர்’ அந்த வரிசையில் முதலிடத்துக்கு ஏறியது. அப்போது அந்தக் குழுவுக்கு எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் கிடையாது. ஆண்டு முடிவதற்குள் இஎம்ஐ அவர்களை ஒப்பந்தம் செய்தது. அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே சிறு பத்திரிகை நடத்திய பிரையன் ஸ்லேகல் என்ற இளைஞர், 1982-இல் உள்ளூர்க் குழுக்களைத் திரட்டி ‘மெட்டல் மாசக்கர்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். அதன் கடைசிப் பாட்டு ‘ஹிட் த லைட்ஸ்’. முதல் அச்சில் குழுவின் பெயரில் ஆங்கில ‘டி’ எழுத்து ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டது. அச்சுக்கோப்பவருக்கே பழகாத பெயர், மெட்டாலிகா.

இந்த மூன்றிலும் தொகுத்தவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஓர் ஊர் இருந்தது, பட்டியல் சொதப்பினால் கேள்வி கேட்க ஆட்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவர்களும் இப்படித்தான். பாட்டுகளை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால், பி பக்கத்தில் மிச்சமிருக்கும் ஐந்து நிமிடத்துக்கு ‘இதையும் போட்டுத் தரேன், கேட்டுப் பாருங்க’ என்று அவராகவே ஒரு பாட்டைச் சேர்ப்பார். அது பிடித்துப்போனால் அடுத்த முறை அவர் சொல்வதற்கு மதிப்புக் கூடும். பிபிசி ரேடியோ 1 தொடங்கிய 1967-லிருந்து 2004-இல் இறக்கும்வரை ஜான் பீல் ஒரு நாட்டுக்கே இந்த வேலையைச் செய்தார். பெயர் தெரியாத குழுக்களை பிபிசியின் ஸ்டுடியோவுக்கு அழைத்து, பெரும்பாலும் ஒரே நாளில் நான்கு பாடல்கள் பதிவுசெய்து ஒலிபரப்பினார்கள். 1978-இல் வட அயர்லாந்தின் அண்டர்டோன்ஸ் குழுவின் ‘டீனேஜ் கிக்ஸ்’ பாட்டை அடுத்தடுத்து இரண்டு முறை போட்டார். 1987-இல் நேபாம் டெத் குழுவை அழைத்தார். ஒன்றரை விநாடிகூட நீளாத பாட்டைப் பதிவுசெய்திருந்த குழு அது. ஒரே இரவில் ரெகேயும் பங்க்கும் கிரைண்ட்கோரும் கேட்டவர்களுக்கு எல்லாமே பிடித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பீல் போடுகிறார் என்றால் ஒரு தடவை முழுசாகக் கேட்போம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. அந்த ஒரு தடவைதான் புதிய இசைக்குத் தேவை.

பின்தொடர்கிறவர்களின் எண்ணிக்கை அந்த நம்பிக்கைக்கு ஈடாகாதா என்று கேட்கலாம். ஐந்து லட்சம் பேர் கேட்கும் பட்டியல் ஐம்பது பேர் கேட்பதைவிட நன்றாகத்தானே இருக்கும்? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் 2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் 14,341 பேர் பங்கேற்றார்கள். அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை அவர்கள் கேட்கலாம், மதிப்பிடலாம், டவுன்லோடு செய்யலாம். ஒரு பிரிவினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரிந்தன. மற்றவர்கள் எட்டுத் தனித்தனி ‘உலக’ங்களாகப் பிரிக்கப்பட்டு, தங்களுக்கு முன்னால் எத்தனை பேர் எந்தப் பாட்டை எடுத்தார்கள் என்ற எண்ணிக்கையையும் பார்த்தார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் சில பாடல்கள் மிக உயரத்துக்குப் போயின, பல பாடல்கள் தரையில் கிடந்தன. அதோடு, மேலே போன பாட்டு உலகத்துக்கு உலகம் மாறியது. 52 மெட்ரோ குழுவின் ‘லாக்டவுன்’ ஓர் உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் நாற்பதாவது இடம். மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமானது உச்சிக்கு வருவதும் அரிதாகவே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நடுவில் இருந்த பெரும்பான்மைப் பாடல்களின் தலையெழுத்தை, முதலில் வந்த சிலரின் தேர்வு தீர்மானித்தது. பட்டியல்களுக்கும் இதே கதைதான். ஸ்பாட்டிஃபையின் ‘டுடேஸ் டாப் ஹிட்ஸ்’ பட்டியலில் இடம்பிடிப்பதாலேயே ஒரு பாட்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி முறை கூடுதலாகக் கேட்பு கிடைக்கிறது என்று லூயிஸ் அகியார், ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர்கள் 2018-இல் கணக்கிட்டார்கள். கூட்டம் சேர்ந்ததால் பட்டியல் வளர்கிறது, பட்டியல் வளர்வதால் பாட்டுக்குக் கூட்டம் சேர்கிறது. இந்தச் சுற்றுக்குள் உங்கள் ரசனைக்கு இடமே இல்லை.

வலுவான மறுப்பு இதற்கு அடுத்ததாக வருகிறது. ‘ஊர் பேர் தெரியாத ஒருவரை நம்புவதைவிட என் கேட்கும் பழக்கம் முழுவதையும் அறிந்த அல்காரிதத்தை நம்பலாமே’ என்பது அது. ஸ்பாட்டிஃபை 2015-இல் தொடங்கிய ‘டிஸ்கவர் வீக்லி’ ஒவ்வொரு திங்கட்கிழமையும் 30 பாடல்களைத் தருகிறது. அவற்றில் சில உண்மையிலேயே அருமையாகப் பொருந்திவிடும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது எதிலிருந்து செய்யப்படுகிறது என்று பாருங்கள். சாதாரண மனிதர்கள் தங்களுக்காகச் செய்துவைத்த கோடிக்கணக்கான பிளேலிஸ்ட்டுகளில் எந்தப் பாட்டோடு எந்தப் பாட்டு சேர்ந்து வருகிறது என்பதுதான் அதன் முக்கியமான மூலப்பொருள். ஆக, அங்கேயும் அடியில் இருப்பது மனிதர்களின் தொகுப்புதான். பெயர்களை உருவிவிட்டுச் சராசரி எடுத்திருக்கிறார்கள். சராசரியில் முதலில் அடிபடுவது, இன்னும் யார் பட்டியலிலும் ஏறாத புதுக் குழு. ஸ்பாட்டிஃபையின் ஆய்வாளர்களே டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஆஷ்டன் ஆண்டர்சனோடு சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அல்காரிதம் தரும் பாடல்களைக் கேட்பதற்கும் கேட்கும் வகைகள் குறுகுவதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. காலப்போக்கில் ரசனை விரிந்தவர்கள், அல்காரிதத்தை விட்டு விலகித் தாங்களே தேடிக் கேட்பதை அதிகப்படுத்தியவர்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஸ்பாட்டிஃபை 2020-இல் அறிவித்த ‘டிஸ்கவரி மோட்’ திட்டத்தில், குறைந்த ராயல்டிக்குச் சம்மதித்தால் ஒரு பாட்டுக்கு ரேடியோ, ஆட்டோபிளே போன்ற இடங்களில் கூடுதல் வாய்ப்புக் கிடைக்கும். அங்கே வந்து விழும் பாட்டு உங்கள் ரசனைக்காக வந்ததா, அந்தச் சம்மதத்துக்காக வந்ததா என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது. அல்காரிதத்தை ஒதுக்க வேண்டாம். ஏற்கெனவே பிடித்த இசைக்குப் பக்கத்து வீட்டைக் காட்ட அது போதும். தெரு தாண்டிப் போக ஆள் வேண்டும்.

ஆளை எங்கே தேடுவது? பலரும் செயலிக்குள்ளேயே தேடுகிறார்கள். நல்ல தொகுப்பாளர்கள் அதற்கு வெளியேதான் அதிகம். முதலில் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள் ஏற்கெனவே விரும்பும் இசைக்கலைஞர்கள். மெட்டாலிகா 1987-இல் ‘கராஜ் டேஸ்’ என்ற சிறு தட்டில் பிறருடைய பாடல்களை மட்டும் வாசித்தார்கள்: இங்கிலாந்தின் டைமண்ட் ஹெட், ஸ்காட்லாந்தின் ஹோலோகாஸ்ட், லண்டனின் கில்லிங் ஜோக், வேல்ஸின் பட்ஜி, நியூ ஜெர்சியின் மிஸ்ஃபிட்ஸ். அந்த ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு பிரிட்டிஷ் மெட்டலுக்கும் போகலாம், போஸ்ட்-பங்க்குக்கும் போகலாம், அமெரிக்க ஹாரர் பங்க்குக்கும் போகலாம். நிர்வாணா 1993 நவம்பரில் எம்டிவிக்காக வாசித்த அன்பிளக்டு நிகழ்ச்சியின் பதினான்கு பாடல்களில் ஆறு பிறருடையவை. அவற்றில் மூன்று மீட் பப்பெட்ஸ் குழுவின் ஒரே ஆல்பத்திலிருந்து வந்தவை. அந்தக் குழுவின் கிர்க்வுட் சகோதரர்களை மேடைக்கே அழைத்து வாசிக்க வைத்தார் கர்ட் கோபைன். உலகமே பார்க்கும் மேடையில் தன் ஹிட் பாடல்களைக் குறைத்துக்கொண்டு ஒருவர் இன்னொருவரைச் சிபாரிசு செய்கிறார் என்றால், அதைவிட உறுதியான பரிந்துரை வேறு கிடையாது. நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் நடக்கும் ரோட்பர்ன் விழா இதை ஒரு வழக்கமாகவே ஆக்கியது. 2014-இல் ஓபெத் குழுவின் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சியில் பிரான்ஸின் மாக்மாவும் இத்தாலியின் காப்ளினும் இருந்தன. மெட்டல் ரசிகர்களுக்கு அவர் நீட்டிய பெயர்கள் அவை. போக வேண்டியதில்லை, இத்தகைய விழாக்களின் பழைய நிகழ்ச்சி நிரலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டு வந்தாலே பல மாதம் ஓடும்.

அடுத்தது வானொலி. சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி நேயர்களின் நன்கொடையில் நடக்கும் நிலையம். ஒலிபரப்பாகும் ஒவ்வொரு பாட்டுக்கும் குழு, ஆல்பம், லேபிள், வெளியான ஆண்டு ஆகியவற்றை அதன் தளத்தில் உடனுக்குடன் பார்க்கலாம். நடத்துகிறவர் பல பாட்டுகளுக்கு ஒரு பத்திக் குறிப்பும் எழுதுகிறார். அந்தக் குறிப்பில் ‘லேபிள்’ என்ற கட்டத்தைத் தவறாமல் பாருங்கள். சிறு லேபிள் என்பது பணம் போட்ட தொகுப்பாளர். தன் ரசனைக்குத் தன் காசைப் பந்தயம் வைத்தவர். வாஷிங்டனின் டிஸ்கார்ட், சியாட்டிலின் சப் பாப், நாட்டிங்ஹாமின் இயர்ஏக் ஆகியவை ஓர் ஊரின், ஒரு கூட்டத்தின் இசையை வெளியிட்டே பெயர் பெற்றன. மூன்றாவது இடம் பேண்ட்கேம்ப். அங்கே ஒரு ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்தால், அதை வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். சிலர் பிடித்த பாட்டைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதியிருப்பார்கள். ஒரு படத்தை அழுத்தினால் அவர் வாங்கிய மொத்தச் சேகரிப்பும் விரியும். அதில் உங்களுக்குப் பிடித்த மூன்று ஆல்பங்களும் கேள்விப்படாத முந்நூறு ஆல்பங்களும் இருந்தால், உங்களுக்கு வேண்டிய ஆள் அவர்தான். காசு கொடுத்து வாங்கியவற்றின் பட்டியல் அது; சும்மா ‘லைக்’ போட்டதைவிடப் பல மடங்கு கனம் உள்ளது.

செயலிக்குள் இருக்கும் பட்டியலைப் பரிசோதிக்கவும் அதிக நேரம் ஆகாது. தொகுத்தவர் பெயர் இருக்கிறதா, அந்தப் பெயரில் வேறு பட்டியல்கள் உண்டா என்று பாருங்கள். விவரக் குறிப்பில் ஒரு எல்லை சொல்லப்பட்டிருக்க வேண்டும். ‘1990-க்குப் பிந்தைய டூம், பெண் குரல்கள் மட்டும்’ என்பதுபோல. அறுபது பாட்டுக்குமேல் நீளும் பட்டியலில் தேர்வு நடந்திருப்பதாக நம்புவது கடினம். எதையும் விட மனமில்லாதவர் தொகுப்பாளர் ஆக முடியாது. பிறகு விகிதம். எல்லாமே தெரிந்த பெயர்கள் என்றால் உங்களுக்கு அதில் வேலை இல்லை. எல்லாமே தெரியாதவை என்றால் அவர் ரசனையை எடைபோட உங்களிடம் படிக்கல் இல்லை. நான்கில் ஒன்று தெரிந்ததாகவும், அதுவும் அந்தக் குழுவின் பிரபலமான பாட்டாக இல்லாமல் ஆல்பத்தின் உள்ளிருந்து எடுத்ததாகவும் இருந்தால் நல்ல அறிகுறி. காசு வாங்கிக்கொண்டு பாட்டைச் சேர்க்கும் பட்டியல்களும் உலவுகின்றன. ஸ்பாட்டிஃபையின் விதி அதைத் தடைசெய்கிறது, இருந்தும் நடக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குழுக்கள், எல்லாமே போன மாத வெளியீடு, மனநிலையைச் சொல்லும் பொதுவான தலைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிவிடுங்கள்.

நல்ல பட்டியல் கிடைத்த பிறகு கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள்; தொகுத்தவரின் பாதிக் கருத்து வரிசையில் இருக்கிறது. முதல் தடவை எதையும் தாண்டாமல் கேளுங்கள். 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு என்று ஸ்பாட்டிஃபை கணக்கிடுகிறது, அந்த அரை நிமிடத்துக்குள் பிடிக்காவிட்டால் தாண்டும் பழக்கம் நமக்கும் வந்துவிட்டது. மெதுவாகக் கட்டி எழுப்பும் இசைக்கு இது பெரும் அநியாயம். பெல் விட்ச் இருவர் குழுவின் ‘மிரர் ரீப்பர்’ (2017) 83 நிமிடம் ஓடும் ஒரே பாட்டு. முதல் அரை நிமிடத்தில் அதில் எதுவும் தீர்மானமாவதில்லை. மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் ஒன்றின்மேல் விருப்பம் கூடும் என்பதை உளவியலாளர் ராபர்ட் சையன்ஸ் 1968-இலேயே காட்டினார். கடுமையான குரலும் பழகாத தாளமும் உள்ள இசைக்கு, வெவ்வேறு நாட்களில் மூன்று தடவையாவது கொடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆல்பமாகக் கேட்கச் செய்த இசையைத் துண்டு துண்டாக்கும் பிளேலிஸ்ட்டே தவறு என்று சில பழைய ரசிகர்கள் வாதிடுவார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு குழு தன் வரவிருக்கும் வெளியீட்டிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாட்டைத்தான் முன்வைக்க முடியும். எதை அனுப்புவார்கள்? சட்டென்று பிடிக்கக்கூடியதைத்தான். எனவே பட்டியலில் நீங்கள் கேட்டது அந்த ஆல்பத்தின் வாசற்படி. பிடித்திருந்தால் உடனே ஆல்பத்துக்குப் போய் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். குழுக்கள் நீளமானதையும் துணிச்சலானதையும் அங்கேதான் வைப்பது வழக்கம். அதுவும் பிடித்தால் முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேளுங்கள். பட்டியல் ஆல்பத்துக்கு எதிரியாவது, கேட்கிறவர் பட்டியலோடு நின்றுவிடும்போது மட்டும்தான்.

தொகுப்பவருக்கும் சார்பு உண்டு, வாசலில் நின்று ஆளைப் பார்த்து உள்ளே விடுகிறவர் அவர் என்ற குற்றச்சாட்டை எளிதில் தள்ள முடியாது. அமெரிக்க ராக் துறை கறுப்பினக் கலைஞர்களுக்குக் கதவடைத்ததால்தான் 1985-இல் நியூயார்க்கில் வெர்னான் ரீடும் நண்பர்களும் பிளாக் ராக் கோயலிஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். டெட்ராய்டின் ஹாக்னி சகோதரர்கள் மூவர் ‘டெத்’ என்ற பெயரில் பங்க் இசைக்கு முன்னோடியான பாடல்களை 1975-இல் பதிவுசெய்தார்கள்; 1976-இல் ஒரு சிங்கிள் 500 பிரதி வெளியிட்டதோடு அடங்கிப்போனார்கள். அந்தத் தட்டைத் தேடிப் பிடித்துக் கைமாற்றிக்கொண்ட சேகரிப்பாளர்களால்தான் பேச்சு பரவி, 2009-இல் டிராக் சிட்டி நிறுவனம் அந்தப் பதிவுகளை ஆல்பமாக்கியது. வாசல்காரர்கள் மூடிய கதவை வேறு சில தொகுப்பாளர்கள் திறந்தார்கள். சார்புக்கு மருந்து இன்னும் பல தொகுப்பாளர்கள். அவர்களின் சார்பு வெளிப்படையாகத் தெரிவதும் அவசியம். 2002-இல் மான்ட்ரியலில் தொடங்கிய என்சைக்ளோபீடியா மெட்டாலம் தளத்தில் ஸ்லிப்நாட் குழுவுக்கு இடமில்லை. நூ-மெட்டலை அவர்கள் மெட்டலாக ஏற்பதில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவர்களின் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிவதால், டெத், டூம், பிளாக் மெட்டலுக்கு அங்கே போகலாம், மற்றதற்கு வேறு இடம் பார்க்கலாம். சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா குழு இங்கே நினைவுக்கு வருகிறது. கதிர் பாடி வழிநடத்தும் இந்தக் குழு வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் டெத் மெட்டலோடு சேர்த்து, 2005 முதல் ‘பிரம்மவித்யா’ என்ற தலைப்பில் மூன்று ஆல்பங்கள் கொண்ட வரிசையைத் தந்தது. அமெரிக்க, ஐரோப்பியப் பட்டியல்களில் இவர்கள் வரட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். தென்கிழக்காசிய மெட்டலுக்கு அந்தப் பகுதியின் தொகுப்பாளரையும், சென்னையின் தி எஃப்16ஸ் போன்ற குழுக்களுக்கு இந்திய சுயாதீன இசையைத் தொகுப்பவரையும் தனியாகத் தேடிப் பிடியுங்கள்.

நேரம் இல்லை என்பது கடைசி மறுப்பு. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுவதும் புதிய ஆல்பங்கள் வெள்ளிக்கிழமையில் வெளியாகின்றன. எல்லாவற்றையும் துரத்த வேண்டாம். நம்பிக்கைக்குரிய தொகுப்பாளர்கள் மூவர் போதும்: ஒருவர் உங்கள் ரசனைக்கு மிக நெருக்கமானவர், ஒருவர் சற்றுத் தள்ளி நிற்பவர், ஒருவர் அடிக்கடி உங்களுக்கு எரிச்சல் மூட்டுபவர். மூன்றாமவரை விட்டுவிடாதீர்கள், உங்கள் காது அடுத்து எங்கே போகும் என்பது பெரும்பாலும் அவரிடமிருந்துதான் தெரியவரும். வாரத்தில் ஒரு மணி நேரம், வேறு வேலை செய்யாமல், ஹெட்போன் போட்டுக்கொண்டு இவர்களின் புதிய தேர்வுகளைக் கேளுங்கள். கவர்ந்தவற்றை ‘பரிசீலனை’ என்று ஒரு பட்டியலில் போட்டு, மாதக் கடைசியில் அதைக் காலி செய்யுங்கள். மூன்று தடவைக்குப் பிறகும் நிற்பவை மட்டும் நிரந்தரப் பட்டியலுக்குப் போகட்டும். அதற்கு இருபத்தைந்து பாட்டு என்று உச்சவரம்பு வையுங்கள். ஒன்று உள்ளே வர இன்னொன்று வெளியேற வேண்டும் என்ற நெருக்கடியில்தான், ஒரு பாட்டை ஏன் விரும்புகிறீர்கள் என்று உங்களுக்கே தெளிவாகும். ஒவ்வொன்றுக்கும் எதன்மூலம் வந்து சேர்ந்தது, எந்த லேபிள், யார் ஒலிப்பதிவு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஒரே ஒலிப்பதிவாளரின் பெயர் மூன்றாம் முறை வரும்போது அதுவே புதிய தேடலுக்குப் போதும். நிரந்தரப் பட்டியலில் தங்கியவற்றில் முடிந்ததை வாங்கிவிடுங்கள். பேண்ட்கேம்ப்பில் டிஜிட்டல் ஆல்பத்துக்கு நூறு ரூபாய் கொடுத்தால் நிறுவனத்தின் வழக்கமான பங்கு பதினைந்து ரூபாய். 2020 மார்ச்சில் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் ஃப்ரைடே’ நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறார்கள். வாங்கிய கையோடு பிடித்த பாட்டைக் குறித்து, ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்.